பலிபீடத்தடியில் ஒரு முட்டை

கம்பளி நூற்றுப் பிழைத்த ஹினித்துக்கு வலிப்பு நோய். மனைவியை இழந்த ஆட்டுக்காரன் கொரோன்வி அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு எத்தனையோ முறை கேட்டுவிட்டான். நோயைச் சுமந்துகொண்டு இன்னொருவர் வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அவள் மறுத்துவந்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் வலிப்புக்குப் போக்கிடம் மலைக் கோயிலை ஒட்டி இருக்கும் புனிதையின் ஊற்றுதான். அறுவடை முடிந்ததும் ஹினித் தன் சாம்பல்நிறக் கோழியைக் கூடையில் வைத்துக் கிளம்பினாள். கொரோன்வி துணைக்கு வந்தான். பொழுது சாயும் நேரத்தில் ஊற்றில் குளித்தாள். கோழியை அணைத்துக்கொண்டு, பரலோக மந்திரம் சொல்லியபடி ஊற்றைச் சுற்றிவந்தாள். பிறகு கோயிலுக்குள் போய், பலிபீடத்தடியில் நற்செய்திப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துக் கோழியோடு படுத்தாள். விடிந்ததும் கோழியைக் கோயிலிலேயே விட்டுவிட வேண்டும். அது அங்கே செத்தால் நோய் அதற்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

காலையில் அவள் கூடையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த பாதிரியார் இத்தெல், கோழியை விட்டுப் போவதுதான் முறை என்றார்.

"ராத்திரி பூரா என் நெஞ்சோட ஒட்டிக்கிட்டுத் தூங்குச்சு சாமி. விடியக்காலையில முட்டை வேற போட்டிருக்கு. என் நோயை இது தலையில கட்டிட்டு நான் எப்படிப் போவேன்?"

இத்தெல் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "முட்டையைக் குடுத்துட்டுப் போ. புனிதையும் பொம்பளதானே, புரிஞ்சுக்குவா."

மலைப்பாதையில் ஹினித் அழுதுகொண்டே நடந்தாள். இருந்த ஒரே வழியையும் தானே கெடுத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

"நோய் போனாத்தான் கட்டிக்குவேன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?" என்று கேட்டான் கொரோன்வி.

அவள் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "வலிப்பு வந்து நான் அடுப்புக்குள்ள விழுந்துட்டா?" என்றாள்.

"சுத்திக் கல்லு வச்சுக் கட்டுறேன். எவ்வளவு உசரம் வேணும், சொல்லு."

அவள் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பளவு கையைக் காட்டினாள்.

குளிர் தொடங்குமுன் இத்தெலே அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தார். தவக்காலத்தில் ஒருநாள் பட்டி ஓரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது தலை அவன் மடியில் இருந்தது. அவன் பதறவில்லை. வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தவன்போல, சுழிநெற்றி ஆடு ரெட்டைக் குட்டி போட்டதை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் பொட்டையா?" என்று கேட்டாள் ஹினித்.