திறக்காத லிங்க்

1

எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலில்தான் இந்தக் கதை தொடங்கியது. 'உங்கள் பழைய கட்டுரையில் ஒரு லிங்க் உடைந்திருக்கிறது, வாசகர்கள் ஏமாந்து போவார்கள், அந்த இடத்தில் எங்கள் பக்கத்தைக் கொடுக்கலாமே' என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைக்கு வாசகர்களே கிடையாது. இருந்தும், யாரோ படித்திருக்கிறார்கள் என்று பகல் முழுக்க மகிழ்ந்து திரிந்தேன். சாயங்காலம் மச்சினன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது பொண்ணே கிடையாது. எவனோ ஒருத்தன் ஊருக்கே இதைத்தான் அனுப்பிட்டிருப்பான்."

அந்த எவனோ ஒருத்தனைத்தான் இங்கே உட்கார வைத்திருக்கிறேன்.

2

மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவன் ஜன்னலோரம் நின்று—

வேண்டாம். அவன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மெஷின்தான் தெரியும். சூடான காற்று முகத்தில் அடிக்கும்.

ஆபீஸில் அவனைப் 'பிசின்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஒட்டினால் விடமாட்டான் என்று. மெத்தைக் கடை ஒன்றின் இணையதளம் இணையத் தேடலில் முதலில் வர வேண்டும். நாலு தளங்கள் லிங்க் கொடுத்துக் கைகாட்டும் கடைதான் நல்ல கடை என்பது தேடுபொறியின் கணக்கு. அப்படிக் கைகாட்டச் சொல்லிக் கெஞ்சுவது பிசினின் வேலை. எங்கெங்கே லிங்க் செத்துக் கிடக்கிறது என்று தேடி, அங்கெல்லாம் மெத்தையைப் போடச் சொல்வான். பெண் பெயரில் எழுதினால் பதில் வரும் என்று மேலாளர் சொல்லியிருந்ததால் அவனுக்கு ஒரு பெண் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கும் யாரும் பதில் போடுவதில்லை.

(இங்கே அவனுக்கு ஒரு காதலியைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பத்திகூடத் தாங்கவில்லை. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, அதைப் பார்த்தபடி தனியாகத்தான் சாப்பிடுகிறான்.)

3

ஒரு நாள் பதில் வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். முதுகுவலிக்காரர்கள் எப்படிப் படுக்க வேண்டும், எப்படி எழ வேண்டும் என்று அவர் எழுதிய பக்கத்துக்கு எத்தனையோ தளங்கள் கைகாட்டியிருந்தன. மேலாளர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்த பக்கம் அது. அதன் அடியில் 'என் மகள் வரைந்த படங்கள்' என்று ஒரு லிங்க். உடைந்திருந்தது அதுதான்.

"அது திறக்காதுன்னு எனக்குத் தெரியும்மா. தினம் காலையில அமுக்கிப் பாக்குறேன். கோவிச்சுக்கிட்டுப் போனவ, எங்க இருக்கான்னே தெரியல. மனசு மாறினா முதல்ல இதைத்தான் திறந்து வைப்பா. அதான் எடுக்க மனசு வரல. நீ நல்லா இருக்கியாம்மா? வேளைக்குச் சாப்பிடுறியா?"

பிசினிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இப்போதும் அவர் கேட்டது இல்லாத ஒரு பெண்ணிடம். அவனுக்கு அது வலித்தது. 'சாப்பிட்டேம்பா' என்று பதில் எழுதினான்.

(இந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு மறுபடி சேர்த்தேன். எழுதினான்தான்.)

4

மேலாளர் விடுகிற ஆளா? "பெரியவரோட பொண்ணு தன் தளத்துக்கு வருஷப் பணம் கட்டாம விட்டுட்டா. அந்தத் தளத்தோட பேரு சீக்கிரம் விலைக்கு வரும். நாமளே வாங்கி மெத்தைக் கடைக்குத் திருப்பி விட்டுடலாம். பெரியவர் லிங்க்கை மாத்தவே வேணாம்."

பிசினுக்கு அந்தக் காலை கண் முன்னால் வந்தது. அவர் அமுக்குகிறார், அது திறக்கிறது, குனிந்து பார்க்கிறார், மெத்தை. தள்ளுபடி விலையில்.

முதல் முடிவு: வேலையை உதறிவிட்டு வருகிறான். எழுதுவது எனக்குச் சுலபம். அவன் வாடகையை நானா கட்டப்போகிறேன்?

இரண்டாவது: பெயரைத் தானே வாங்கி, அவள் வரைந்த பழைய படங்களைத் தேடி எடுத்து ஏற்றுகிறான். அப்பா பார்க்கிறார். மகள் வந்துவிட்டாள் என்று வீட்டைப் பெருக்கி, அவள் அறையைத் திறந்து—

போதும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மூன்றாவது: மேலாளருக்கு முந்திக்கொண்டு, சொந்தக் காசில் வாங்கி, ஒன்றுமே ஏற்றாமல் வைத்துக்கொள்கிறான். ஊருக்கெல்லாம் லிங்க் ஒட்டுகிறவன் ஒன்றை மட்டும் உடைந்தபடியே வைத்திருக்கப் பணம் கட்டுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. இத்தோடு முடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

5

போகவில்லை, மேலே எழுதினேன். சில மாதம் கழித்துப் பிசினுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது.

"இந்தத் தளத்தோட பேரு உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சுது. முன்னாடி என்னோடதுதான். பணம் கட்ட முடியாம விட்டுப்போச்சு. திருப்பித் தருவீங்களா?"

பெயர் போடவில்லை.

மகளாக இருக்கலாம். வேறொரு கம்பெனியின் பிசினாகவும் இருக்கலாம். அவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள், அவனே இதே பணிவோடு எழுதியிருக்கிறான். நம்பிக் கொடுத்து அவள் இல்லையென்றால், பெரியவர் வேறு யாரோ ஒருவரின் கடையைப் பார்த்து உடைந்துபோவார். பொய்யென்று ஒதுக்கி அது அவளாகவே இருந்தால், திரும்பி வந்தவளை வாசலிலேயே மறித்தவன் இவன். யாரென்று கேட்கலாம், என்ன கேட்டாலும் சொல்ல அந்தத் தொழிலில் ஒரு பதில் தயாராக இருக்கும். பெரியவரிடம் கேட்கலாம், கேட்ட அந்த நொடியே அவர் நம்பத் தொடங்கிவிடுவார்.

எனக்குத் தெரியவில்லை. வித்தை காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே தெரியவில்லை. அவன் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் எழுதுங்கள். கொடுப்பதோ மறுப்பதோ உங்கள் இஷ்டம். ஆனால் பார்த்து எழுதுங்கள். ஒருவேளை அது அவளாக இருந்தால், அந்த நாலு வரியை எழுதவே எத்தனை வருஷம் ஆனதோ.