கச்சேரித் தெரு வரலாறு, பக்கம் நாற்பத்தொன்று

பாலசுப்ரமணியன் எதையோ மறைக்கிறார் என்று ஐவிக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே பட்டது. அவர் இருப்பது ஹைதராபாத் உப்பலில், மகனுடைய குவார்ட்டர்ஸில். அங்கேயே தமிழ் டைப் அடிக்கிறவர்கள் இரண்டு பேர் உண்டு. அறுபத்தெட்டு வயது மனிதர் அவர்களை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி போவன்பள்ளிக்கு வந்து இவள் கதவைத் தட்டினார்.

"உங்க சபைப் பத்திரிகையைப் பார்த்தேம்மா. சுத்தமா அடிக்கிறீங்க" என்றார்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா சுகமா இருக்காரா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அவர் சிப்பித்துறை நகராட்சியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வருடம், எண்பத்தைந்தில், அந்த நகராட்சிக்கு நூறு வயது. விழாவுக்காகக் கச்சேரித் தெருவின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கடற்கரைச் சுங்கச்சாவடியில் தொடங்கி ரயில்வே கேட்டில் முடிகிற தெரு. கோர்ட்டு, தந்தி ஆபீஸ், மார்க்கெட், நகர மண்டபம் எல்லாம் அதில்தான் இருந்தன.

ஐவியின் அப்பா கொர்னேலியஸ் அதே நகராட்சியில் ஓவர்சியர். ஐம்பத்தேழாம் வருடம் சுதந்திர தினத்தன்று, கொடியேற்றிக்கொண்டிருந்தபோது நகர மண்டபத்து மாடிமுகப்பு இடிந்து விழுந்தது. ஐந்து பேர் செத்தார்கள். மறு வருடம் அப்பா வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு செகந்திராபாத் வந்தார். லாலாகூடாவில் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தார். ஏன் வந்தோம் என்று கேட்டால், "ஊர்ல பொறாம பிடிச்ச பயலுவ" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்போது ஐவிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அவளைப் பார்த்து, "உங்கப்பாதான் கொன்னாரு" என்று சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு. அப்பாவுக்கு எழுபத்து நாலு. இந்த வயதில் அவர் பெயர் ஐந்து பிணங்களோடு சேர்ந்து ஒரு புத்தகத்தில் வரக்கூடாது. வேலையை அவள் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். எழுதினதை முதலில் பார்க்கிறவள் டைப் அடிக்கிறவள்.

பாலசுப்ரமணியன் ஞாயிறு தோறும் வந்தார், எட்டுப் பத்துப் பக்கம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வருகிற நேரம் பார்த்து அப்பா பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவார். வீட்டில் காய் இருந்தாலும் கிளம்புவார். ஐவி இதையும் கவனித்தாள். இந்த ஆள் அப்பாவுக்கு என்னவோ செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

மல்லாபூர் தொழிற்சாலை ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் இருந்த ஜுலைகாவிடம் சொன்னாள். ஜுலைகா வாணியம்பாடிக்காரி, வாயில் எந்தப் பாஷையும் முழுசாக நிற்காது.

"அரே, கிழவன் புக்கு எழுதறான், எழுதட்டும். உனக்கு எதுக்கு இந்தத் தலவலி? அடிச்சுக் கொடு, முடிஞ்சுபோச்சு."

"எங்கப்பா பேரு வருமோன்னு பாக்கறேன்."

"வந்தா?"

"அந்தப் பக்கத்தை அடிக்கமாட்டேன்."

"ஹவ்! நீ அடிக்கலன்னா வேற ஆளே கிடையாதாக்கும் ஹைதராபாத்ல. போடி."

கையெழுத்துப் பிரதியில் எல்லாம் விவரமாக இருந்தது. சுங்கச்சாவடிக்கு எத்தனை பர்மாத் தேக்கு உத்தரம், கோர்ட்டுச் சுவருக்கு எத்தனை வண்டி கிளிஞ்சல் சுண்ணாம்பு, தந்தி ஆபீஸ் கடிகாரம் எந்தப் புயலில் நின்றது, எல்லாம். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் ஒரு பக்கம்: காண்ட்ராக்டர் நாராயணசாமியின் வீடு, ஐம்பத்தெட்டில் ஏலத்தில் போய் இப்போது வங்கியாக இருக்கிறது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நகர மண்டபம் வந்தது. உத்தரத்தை எண்ணி எழுதின மனிதர், தெருவிலேயே பெரிய கட்டடத்துக்கு நாலு வரி எழுதியிருந்தார். 1950இல் கட்டப்பட்டது. 1957இல் முகப்பு இடிந்து ஐவர் மாண்டனர். காண்ட்ராக்டர் நாராயணசாமி கம்பியைக் குறைத்துப் போட்டதே காரணம். பிறகு பழுது பார்க்கப்பட்டது.

அப்பா பெயர் இல்லை. ஐவி மூச்சு விட்டாள். மறு நிமிஷமே பழையபடி சந்தேகம் பிடித்துக்கொண்டது. மற்றப் பக்கங்களில் அடித்தலும் திருத்தலுமாக இருக்க, இந்த நாலு வரியில் மட்டும் ஒரு பிசிறு இல்லை. பலமுறை எழுதிப் பார்த்து நகல் எடுத்த வரிகள். அந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். அவரை மடக்க அப்பா வாயிலிருந்து ஒரு விஷயம் கிடைத்தால் போதும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நகர மண்டபத்துல நாராயணசாமி கம்பி திருடினாரா?"

நகவெட்டி நின்றது. "யாரு சொன்னா?"

"பாலசுப்ரமணியன் எழுதியிருக்கார்."

"அப்படியா எழுதியிருக்காரு?" அப்பாவின் முகம் தளர்ந்தது. "நல்லது. அப்படியே அடி."

"நெஜமா திருடினாரா?"

"செத்தவனப் பத்தி இப்ப என்ன? அடிம்மா."

"திருடினாரான்னு கேட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நகரவில்லை. கடைசியில் எரிச்சலோடு பேசினார்.

"கம்பியெல்லாம் சரியாத்தான் போட்டான். தண்ணிதான். ஊர்ல நல்ல தண்ணி மிஷன் கிணத்துல மட்டுந்தான் உண்டும். கட்டடத்துக்கு நாளுக்குப் பன்னெண்டு வண்டி அங்கருந்து வரணும்னு உத்தரவு. அந்தக் கோடையில நம்ம கோயில் தெருவுல குடிக்கத் தண்ணி கெடையாது. எட்டு வண்டிய நம்ம தெருவுக்குத் திருப்பிவிட்டேன். கட்டடத்துக்குக் கடக்கரைக் கிணத்துத் தண்ணிய ஊத்தச் சொன்னேன்."

வாசலில் மாட்டுவண்டியும், அம்மா குடத்தை வரிசையில் வைத்ததும் ஐவிக்கு நினைவு வந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அது அரசாங்கத் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"உப்புத் தண்ணின்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? சுங்கச்சாவடியக் கட்டினது உப்புத் தண்ணியிலதான். கோர்ட்டக் கட்டினதும் அப்படித்தான். எங்கப்பாவும் கொத்தன்தான், ஆயுசுக்கும் உப்புத் தண்ணியிலதான் கட்டினாரு. கிளிஞ்சச் சுண்ணாம்ப உப்பு ஒண்ணும் செய்யாது. நூறு வருஷமா நிக்குதுல்லா? சிமெண்ட்டும் அப்படித்தான்னு நெனச்சேன். உள்ள கம்பி இருக்கே. ஏழு வருஷத்துல அரிச்சுத் தின்னுட்டு."

"நாராயணசாமி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். நீ காண்ட்ராக்டர், சொன்னதச் செய்யின்னேன்." நகவெட்டியைத் திரும்ப எடுத்தார். "தெருவே வாழ்த்திச்சு, தெரியுமா? அந்த வருஷந்தான் என்னைச் சபைக் கமிட்டிக்கு எடுத்தாவ."

பிறகு, "குடிக்கக் காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

பொய் அவளை அவ்வளவு உறுத்தவில்லை. அந்தக் காப்பிதான் உறுத்தியது. இருபத்தேழு வருடம் இந்த மனிதருக்காக ஊரையே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலசுப்ரமணியன் வந்தபோது அப்பா பையைத் தேடினார். ஐவி அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"உட்காருங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"வாங்க மேனேஜர்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"வந்தேன் ஓவர்சியர்" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"என்னைத் தேடி எதுக்கு வந்தீங்க, சார்? உள்ளதைச் சொல்லுங்க."

பாலசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வரிதான் எழுதியிருக்கேன்னு உங்கப்பாவுக்குத் தெரியணும். அவர்கிட்ட நானாப் போய்ச் சொல்ல முடியுமா? உங்க வழியா தெரியட்டும்னு வந்தேன்."

"அவரைக் காப்பாத்தவா?"

"அவர் வாயத் திறந்தா என் பேரும் வரும்மா. தண்ணி பில்லப் பாஸ் பண்ணினது நான். வண்டி கோயில் தெருவுக்குப் போகுதுன்னு வண்டிக்காரனே எங்கிட்ட வந்து சொன்னான். போட்டுமேன்னு கையெழுத்துப் போட்டேன். விசாரணை வந்தப்போ அளவுப் புத்தகத்த நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுல தினமும் பன்னெண்டு வண்டி நல்ல தண்ணின்னு இவர் எழுதி, கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கம்பிய அளந்து எழுதினதும் அதுலதான். புத்தகம் இல்லாமப் போகவும் நாராயணசாமி மாட்டிக்கிட்டாரு."

"அவர் வீடும் ஏலத்துல போச்சு."

"போச்சு. ஒரு வருஷத்துல ஆளும் போயாச்சு. பொண்ணு கனகம் முனிசிபல் பள்ளிக்கூடத்துல ஆயாவா இருக்கு."

"இப்ப எதுக்கு இதையெல்லாம் கிண்டணும்?" என்றார் அப்பா. "சொல்லுங்க மேனேஜர், இவளுக்கு. அந்த நாலு வரியே தாராளம்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

இருபத்தாறு வருடமாக முகம் பார்க்காதவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஐவிக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. மிஷின் மேலிருந்த தாளை எடுத்துப் பாலசுப்ரமணியனிடம் கொடுத்தாள். முந்தின நாள் அடித்து வைத்தது. மிஷன் கிணறு, எட்டு வண்டி, கடற்கரைக் கிணறு, ஓவர்சியர் கொர்னேலியஸ் எல்லாம் இருந்தது. நாராயணசாமி கம்பியைக் குறைக்கவில்லை என்று தனி வரி போட்டிருந்தாள். தண்ணீர் பில்லை யாரோ பாஸ் செய்திருக்க வேண்டுமே என்று, பில்லைப் பாஸ் செய்தவர் என்று எழுதிய இடத்தில் பெயருக்கு இடம் விட்டிருந்தாள்.

"அதுல உங்க பேரை நீங்களே எழுதுங்க, சார்."

"என் பேரை எடு" என்றார் அப்பா.

"முடியாதுப்பா."

"பெத்த அப்பன் பேர..."

"கனகத்துக்கும் அப்பா இருந்தார்."

அப்பா எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கட்டில் கிறீச்சிட்டது.

பாலசுப்ரமணியன் தாளை இரண்டு தரம் படித்தார். விழா மலரில் இதைப் போடுவார்களா என்று தனக்கே தெரியாது என்றார். போடாவிட்டால் ஒரு பிரதி கனகத்துக்குத் தபாலில் போகும் என்றாள் ஐவி. அவர் தாளை முழங்கால் மேல் வைத்து நேராக்கினார். பிறகு பேனாவைத் திறந்து விட்ட இடத்தில் தன் பெயரை எழுதினார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஐவர் மாண்டனர்னு இருக்கு. பேரு போடணும்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? நஷ்ட ஈட்டுப் பட்டியல் எழுதினது நான்தானே. அடிங்க. பில் கலெக்டர் சின்னசாமி."

அவள் புதுத் தாளைச் செருகி அடித்தாள்.

"வாத்தியார் சீதாராமன். தந்தி ஆபீஸ் நடேசன். கொடி பிடிச்ச பையன் இளங்கோவன்."

மிஷின் நின்றது. பாலசுப்ரமணியன் நெற்றியைத் தேய்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அஞ்சாவது ஒரு பொம்பள. முகப்புக்குக் கீழ கடலை வித்துக்கிட்டிருந்துச்சு. பேரு வர மாட்டேங்குதே."

ஐவி விசையில் விரல் வைத்தபடி காத்திருந்தாள்.

"அன்னக்கிளி" என்றார் அப்பா, உள்ளேயிருந்து.