ஐந்து மணிக்குள் ஒரு பிரவுசர்

என் கணவருக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் நாள் முழுக்க வேலை. அந்தப் புத்தியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் பிரவுசரை மாற்ற ஆரம்பித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் எங்களிடம் இருந்தது கப்பல் சுக்கான் படம் போட்ட பிரவுசர். ஒரு போட்டோ மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் நான் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். பிறகு கம்ப்யூட்டரோடு இலவசமாக நீல நிற 'e' எழுத்து ஒன்று வந்து சுக்கானை ஓரங்கட்டியது. "ஓசில வர்றதை நம்பக் கூடாது" என்று முறைத்துக்கொண்டே அதை ஐந்து வருடம் பயன்படுத்தினார். செத்துப்போன சுக்கானின் சாம்பலிலிருந்து நரி எழுந்து வந்தபோது மனிதர் அழாத குறைதான். நரிக்குப் பின்னால் கலர்ப் பந்து. உலகமே பந்தின் பின்னால் ஓடியது, இவரும் ஓடினார். ஆனால் உலகம் போய்ச் சேர்ந்த இடத்தில் இவருக்கு இருப்புக் கொள்ளாது. "எல்லாரும் ஒண்ணையே வெச்சிருந்தா அப்புறம் என்ன சாய்ஸ்?" என்று மாற்று தேடக் கிளம்பினார். ஏழெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இன்ஜின் முக்காவாசி ஒண்ணுதாண்டி, சட்டைதான் வேற" என்று கண்டுபிடித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்தது முள்ளம்பன்றி. விளம்பரம் வராது, யாரும் வேவு பார்க்க முடியாது, எவனும் கிட்ட நெருங்க முடியாது என்றார். அந்தச் சந்தோஷத்தில் மற்ற எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்து எறிந்தார்.

நான் நூலகத்தில் துணை நூலகர், பதினேழு வருடமாக. தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார். நான் விண்ணப்பிக்காவிட்டால் அந்த நாற்காலி எனக்குக் கீழே இருப்பவளுக்குப் போகும். புத்தக முதுகில் எண் சீட்டு ஒட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இன்னும் தலைகீழாகத்தான் ஒட்டுகிறாள். அவளை "மேடம்" என்று கூப்பிட்டு லீவு கேட்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். "நான் பாத்துக்கறேன்" என்று என் கணவர் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தார். ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது.

முள்ளம்பன்றி விண்ணப்பப் படிவத்தையே ஆபத்து என்று தடுத்தது. தடையை நீக்கினால் போட்டோ ஏற்றும் சின்ன ஜன்னல் திறக்க மறுத்தது. வேறு வழியில்லாமல் நரியை இறக்கினார், பந்தை இறக்கினார். எல்லாவற்றிலும் ஒரே வரிதான் வந்தது: இந்தத் தளம் நீல எழுத்து பிரவுசரின் பழைய பதிப்பில் மட்டும் இயங்கும். எந்தக் காலத்தில் எவன் கட்டிய தளமோ! அந்தப் பதிப்பை இப்போது தேடினாலும் கிடைக்காது.

"மணி நாலே கால்" என்றேன்.

"ஒரே ஒரு இடத்துல இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கும் தெரியும். அடுத்த தெருவில், என் தம்பியின் சலவைக் கடையில். எட்டு மாதத்துக்கு முன்னால் திரைச்சீலையைச் சலவைக்குப் போடப் போன இவர், அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நீல எழுத்தைப் பார்த்து, "பிணத்தை வெச்சு ஏண்டா தொழில் பண்றே?" என்று அதை நீக்க உட்கார்ந்துவிட்டார். தம்பி பிளக்கைப் பிடுங்கினான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இருவரும் கிட்டத்தட்ட ஓடினோம். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"உனக்கு இல்லாததா அக்கா, உக்காரு. ஆனா மாமா வாயால 'நல்ல பிரவுசர்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

துணி வாங்க வந்த மூன்று பேர் ஆர்வமாகத் திரும்பினார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை. என் கணவர் வாய்க்குள்ளேயே, "நல்ல பிரவுசர்" என்றார்.

"கேக்கல மாமா."

"நல்ல பிரவுசர்டா!"

திரையைப் பார்த்து நானே மிரண்டுபோனேன். மேலே பட்டைக்கு மேல் பட்டையாக, எவன் எவனோ ஓசியில் ஒட்டிவிட்டுப் போன தேடல் பெட்டிகள் பதினொன்று. பக்கம் தெரிய நாலு விரல் இடம்தான் மிச்சம். அந்த நாலு விரலுக்குள் என் பதினேழு வருடத்தையும் தட்டினேன். சின்ன ஜன்னல் பட்டென்று திறந்தது. போட்டோ ஏறியது, சான்றிதழ் ஏறியது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மூலையில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தது: 'புதிய பதிப்புக்கு மாறலாமா?' ஆறு வருடமாகத் தம்பி 'பிறகு' என்றே அழுத்திவந்த அறிவிப்பு. வேதாளம் முருங்கை மரம் ஏறியது. என் கணவரின் கை, அவருக்கே தெரியாமல், மௌஸை நோக்கிப் போனது.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹேங்கரிலிருந்து ஒரு சட்டை கீழே விழுந்தது. அவர் கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

நாலு ஐம்பத்தாறுக்கு, 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. கீழே இன்னொரு வரி: நேர்காணல் கடிதத்தை இதே தளத்தில் பெற்றுக்கொள்ளவும்.

தம்பிக்கு என்னைவிடச் சந்தோஷம். அந்த வேகத்தில் மனசு இளகிவிட்டான். "பாவம் மாமா நீங்க, எவ்வளவு நேரம்தான் அடக்குவீங்க? இந்தப் பிணத்தை இப்பவே தூக்கிடுங்க. உங்க முள்ளம்பன்றியையே போடுங்க" என்று மௌஸை அவர் பக்கம் நகர்த்தினான்.

என் கணவர் துள்ளி எழுந்து, திரைக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கைய எடுடா மச்சான்! உங்கக்கா அந்த நாற்காலில உக்கார்ற வரைக்கும் எவனாவது இதைத் தொட்டான், கொலை விழும்!"