கூடாததை விடாமல் செய்தவர்

எலும்பு முறிவுப் பிரிவில் நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லித் தருகிறவளை எல்லோரும் பிசியோ மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே விஷயத்தை ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தொண்டை வறளச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவளே ஒரு வீடியோ எடுத்தாள். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தானே செய்து காட்டி, பின்னணியில் தானே பேசி, மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் போட்டாள். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் போனுக்கும் அனுப்பிவிடுவாள். "குரல் நல்லா இருக்கும்மா" என்று பெரிய டாக்டரே பாராட்டினார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

மழைக்காலத்தில் ஒரு வெல்டர் வந்து சேர்ந்தார். கட்டடச் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு மூட்டு நொறுங்கியிருந்தது. பிறவியிலேயே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. அவர் மனைவிக்கும் அப்படித்தான். மனைவியின் தம்பிக்குக் காது கேட்கும், சைகையும் அத்துப்படி. பார்சல் வண்டி ஓட்டுகிற அவன் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தான். டாக்டர் வாயால் சொன்னதைக் கையாலும், மாமா கையால் சொன்னதை வாயாலும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகிற நாளில் தம்பியின் லீவு முடிந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது. பிசியோ வீடியோவை வெல்டரின் போனுக்கு அனுப்பி, "இதுல இருக்கிற மாதிரி தினமும் பண்ணச் சொல்லுப்பா" என்றாள். அவன் கையை இரண்டு ஆட்டு ஆட்டிச் சொல்லிவிட்டு ஓடினான். வெல்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வலி குறையவே இல்லையாம் மேடம்" என்றான் தம்பி. "ஆனா பயிற்சியை ஒரு நாள்கூட விடலையாம். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பண்றாருன்னு அக்கா சொல்றா."

"எங்க, பண்ணிக் காட்டச் சொல்லு."

வெல்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபரேஷன் செய்த காலை இரண்டு கையாலும் தூக்கி, மற்றக் கால்மேல் போட்டார். பிசியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, வேணாம்!" என்று கத்தினாள். கத்தி என்ன பயன்? அவர் காலை இறக்கிவிட்டு, தரையைத் தொடுவதற்காக அப்படியே முன்னால் குனிந்தார். அவள் பாய்ந்துபோய் அவர் தோளைத் தாங்கி நிமிர்த்தினாள்.

செய்யவே கூடாத இரண்டு அசைவுகள் அவை. மூட்டு பிசகி வெளியே வந்துவிடும்.

அவர் போனை வாங்கி, சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, தன் வீடியோவைத் தானே பார்த்தாள். திரையில் அவள் சிரித்த முகமாகக் கால்மேல் கால் போட்டாள். சிரித்த முகமாகத் தரைவரை குனிந்தாள். "தப்பித்தவறிக்கூட இப்படிப் பண்ணிடாதீங்க" என்ற எச்சரிக்கை முழுவதும் குரலில்தான் இருந்தது. குரலை எடுத்துவிட்டால், ஒரு பெண் ஆசையாகச் செய்து காட்டுகிறாள், அவ்வளவுதான்.

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "மூட்டு இருந்த இடத்துலயே இருக்கு. தப்பிச்சார். சதைதான் வீங்கியிருக்கு, ஓய்வு கொடுத்தா சரியாகிடும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அந்த வீடியோவை முதல்ல எடுத்துடு." அவள் அங்கேயே நின்று, இணையப் பக்கத்திலிருந்து அதை நீக்கினாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த வெல்டர், மனைவி, தம்பி மூவரிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தம்பி ஒவ்வொன்றாகக் கையால் சொல்லச் சொல்ல, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் தோளில் ஒன்று வைத்து, கையால் படபடவென்று ஏதோ சொன்னாள். வெல்டர் உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"இவ்வளவு வலிக்குதே, இது சரிதானான்னு அக்கா அப்பவே கேட்டாளாம். 'அந்தம்மா சிரிச்சுக்கிட்டே பண்றாங்க, உனக்கென்ன தெரியும்'னு மாமா அவளைப் பேச விடாம கையைப் பிடிச்சுக்கிட்டாராம்."

பிசியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் நிறைந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். அதைத் தம்பி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வெல்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"புதுசா எடுக்கலாம்ங்கறார். தப்புன்னா முகத்துலயும் தப்புன்னு தெரியணுமாம். நாங்களே நடிக்கிறோம்ங்கறார்."

அவருக்கு வலி தணிந்ததும், ஒரு விடுமுறை நாளில், பயிற்சி அறையிலேயே எடுத்தார்கள். சரியான அசைவுகள் எல்லாம் வெல்டருக்கு, தவறானவை எல்லாம் மனைவிக்கு. கால்மேல் கால் போட்டதும் எலும்பு எகிறிக் கூரையில் முட்டியதுபோல அவள் முகத்தைக் கோணிக்கொண்டு அலறுகிற அலறலில் சத்தமே இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு இடுப்பு கூசியது. அந்த இடத்தில் திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. கீழே பெரிய எழுத்து, ஓரத்தில் தம்பியின் சைகை, கண் தெரியாதவர்களுக்காகப் பிசியோவின் குரல். எட்டிப் பார்த்த பெரிய டாக்டரையும் விடவில்லை. "பயப்படாதீங்க" என்று சைகையில் சொல்லச் சொன்னார்கள். அவர் முதலில் சொன்னது வேறு எதுவோ. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கு அர்த்தம் மட்டும் கேட்காதீங்க சார்" என்றான் தம்பி.

வீடியோவை வெல்டரின் சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அது எங்கெங்கோ போனது. வார்டிலும் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான்மா புரியுது. இவ்வளவு நாளா நீ பேசினதுக்குத் தலையை ஆட்டிக்கிட்டுதான் இருந்தேன். காதுல ஒரு எழவும் விழல." பிசியோ திகைத்துப்போனாள். அதன்பிறகு, செய்து காட்டச் சொல்லிப் பார்க்காமல் அவள் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் வீடியோ காலில் சைகையும் கற்றுக்கொண்டாள். வெல்டர் மெல்ல மெல்லக் கைத்தடியை விட்டார், பட்டறைக்கும் திரும்பினார்.

வெயில் காலத்தில், வெளியூரிலிருந்து காது கேளாத இளம்பெண் ஒருத்தி ஆபரேஷனுக்கு வந்தாள். வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் தைரியம் வந்ததாம். ஆபரேஷன் முடிந்து உட்கார ஆரம்பித்த அன்று, பிசியோவைப் பார்த்து இடுப்பைத் தொட்டுக் காட்டி, கையை வளைத்து எதையோ ஏந்தி ஆட்டினாள்.

குழந்தையை எப்போது இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறாள்.

நடுவில் யாருமே இல்லாமல் அது பிசியோவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, நிதானமாகக் கையால் சொன்னாள்: இப்போது வேண்டாம். முதலில் நீ நன்றாக நட. அதுவரை உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள்.

அந்தப் பெண் கூர்ந்து பார்த்தாள். இரண்டு விரல்களை நடத்திக் காட்டி, மடியைத் தட்டி, அப்படித்தானே என்று புருவத்தைத் தூக்கினாள்.

அப்படியேதான் என்று தலையசைத்தாள் பிசியோ.