எழுப்பாதீங்க

தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒரு நோவும் அறியாமல் போய்விட்டாள் என்று சொன்னது இந்த வாய்தானே, வேறு யார் வாயும் இல்லையே... பேருந்தில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தவருக்கு நெஞ்சுக்குள் அதே பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. குட்டி அப்போது சின்னப் பிள்ளை, விடிந்து எழுந்து அம்மா எங்கே என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சுக்குத் தவித்தாள் என்று ஒரு குழந்தையிடம் சொல்வார்களா, பெரியவர்களுக்குச் சொன்ன ஆறுதலையே அவளுக்கும் சொன்னார், வந்தவர்களும் ஆமாம் ஆமாம், கொடுத்துவைத்தவள் என்று அதற்கு மேல் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போனார்கள். அந்தப் பொய் வாயிலிருந்து இறங்கி, வீட்டுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது...

ராத்தூக்கம் இல்லாத பிள்ளைகளை நூலக அறையில் சேர்த்து வாராவாரம் பழக்கிவிடுகிற டீச்சர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், பிள்ளைகள் வைத்த பெயர் தூக்க டீச்சர். கட்டிட வேலையிடத்தில் இதைக் கேட்டதும் மேஸ்திரி சிரித்தான், "தூங்குறதுக்குக்கூட டீச்சரா? உன் தூக்கத்துல கொஞ்சம் கிள்ளிப் பொண்ணுக்குக் கொடுய்யா" என்று. முடிந்தால் மொத்தத்தையும் கொடுத்திருப்பார். சிமெண்டு மூட்டையில் முதுகைச் சாய்த்தால் போதும், இவருக்கு இமை தானாக விழும். பெற்ற பிள்ளைக்கோ கண்ணடியில் கரி பூசின மாதிரி கருவளையம். டீச்சர் சொன்னதில் ஒன்றையும் அவள் விடவில்லை. படுக்கை தூங்குவதற்கு மட்டும்தான், அங்கே உட்கார்ந்து படிக்கக் கூடாது, தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்பிப் படுக்கலாம், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், பகலில் கண் அயரவே கூடாது. கூட வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தேறினார்கள், போன் பைத்தியம் என்று பெயரெடுத்த பையன்கூட. குட்டி மட்டும் கண் சொக்கும்போதெல்லாம் பதறி எழுந்து அடுக்களை முக்காலிக்குப் போனாள்... பரீட்சை எழுதும்போதே மயங்கி விழுந்தாள், இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வருஷம் பரீட்சையே வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இன்றைக்கு இவரைத் தனியாகக் கூப்பிட்டு டீச்சர் கேட்டார், "படுத்ததும் என்ன நினைப்பு வருதுன்னு அவகிட்ட கேட்டேங்க. அசந்துட்டா திரும்ப எழுந்திரிக்க மாட்டேன், எங்கம்மா மாதிரின்னு சொல்றா. அவங்களுக்கு என்ன ஆச்சு?" இவர் உள்ளதைச் சொன்னார். டீச்சர், "இதை நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா அதுவும் ஒரு பாடமாப் போயிடும்" என்றார். சொல்லணும் என்றால் எங்கே வைத்துச் சொல்வது, வீட்டில் அவள் அம்மா போன அந்த அறைக்குள், அந்தப் படுக்கைக்குப் பக்கத்திலா... வேண்டாம், இங்கேயே, இந்த இரைச்சலிலேயே.

"குட்டி."

"ம்."

"அம்மா தூக்கத்துல போகலம்மா. முழிச்சிக்கிட்டுதான் இருந்தா. நெஞ்சுல கோளாறு, மூச்சு விட முடியல. தூக்கம் அவள ஒண்ணும் பண்ணல."

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டதா இல்லையா... கடைகள் ஓடின, கம்பங்கள் ஓடின.

"நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். என்னை ஏம்ப்பா எழுப்பல?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தார், இதை நினைக்கவில்லை.

"அம்மாதான் வேணாம்னா. புள்ள தூங்கட்டும், எழுப்பாதீங்கன்னா."

புள்ள தூங்கட்டும்... அவள் உதடு அதை ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தலை மெல்லச் சரிந்து இவர் தோளில் விழுந்தது, எத்தனை மூட்டை ஏறின தோள், இந்தக் கனம் புதிதாக இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்தது, பதறவில்லை. பகலில் அயரவிடாதே என்றாரே டீச்சர், இப்போது விட்டால் ராத்திரி கெட்டுப்போகும், இறங்குகிற இடமும் வந்துவிட்டது, எழுப்ப வேண்டியதுதான் என்று கையைத் தூக்கினார். எழுப்பாதீங்க... காதோரம் கேட்டது. கேட்டது யார் குரல்? அவள் குரலா? மூச்சுக்கே திணறினவளுக்கு இத்தனை வார்த்தை எங்கிருந்து வந்தது, அவள் சொன்னாளா, இல்லை இதையும் நான்தான்... அந்த ராத்திரி கை நீண்டது ஞாபகம் இருக்கிறது, பிள்ளைப் பக்கம் நீண்ட அவள் கை, அதை இடையில் பிடித்து இவர் தன் மார்போடு வைத்துக்கொண்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், திரும்பத் திரும்ப ஆட்டினாள்... வேண்டாம் என்றா, விடு என்றா?

பேருந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். தூக்கின கை மகளின் கன்னத்தருகே அப்படியே நின்றது, தட்டி எழுப்பவா, தடவிக்கொடுக்கவா என்று அந்தக் கைக்கே தெரியாமல்.