பதினோராம் வளைவில் குதித்தவள்

விஜய்பாண்டியிடம் சினிமாப் பேச்சு எடுப்பவர்களுக்கு வேறு சோலி இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கு அது கெட்டது. சின்னமனூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அடித்துக் கொடுப்பான். ஆனால் மனசு முழுக்க ஒரே ஆள்மேல்தான். இயக்குநர் கர்ணன். அதுவும் இப்போது ஹெலிகாப்டரில் வந்திறங்கிப் படம் எடுக்கிற கர்ணன் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேனும் ஒரு கேமராவுமாக மேகமலையில் அலைந்து திரிந்த கர்ணன்.

இப்போதைய சண்டையெல்லாம் கம்ப்யூட்டர் சண்டை, ஆள் பறக்கிறான், நமக்குக் கொட்டாவி வருகிறது என்பான் விஜய்பாண்டி. கர்ணனின் முதல் படமான ‘பதினோராம் வளைவு’ அப்படியில்லை. அதில் அடி விழுந்தால் விழுந்ததுதான். ஜீப் உருண்டால் உருண்டதுதான். அவர்களிடம் இருந்ததே ஒரு ஜீப். அதை உருட்டிய பிறகு மீதிப் படத்தில் எல்லாரும் நடந்தே போகிறார்கள். ஆள் பற்றாக்குறையில் ஒரே அடியாள் மூன்று இடத்தில் மூன்று மீசையோடு சாகிறான். இதையெல்லாம் யாராவது குறையாகச் சொன்னால் விஜய்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காசில்லாதவனுக்குப் பொய் சொல்ல வசதி கிடையாது, அதனால் அந்தப் படத்தில் எல்லாமே நிஜம் என்பது அவன் கட்சி.

அதிலும் ஒரு காட்சி. வில்லன் கடத்திப்போகும் நாயகி, ஓடும் ஜீப்பிலிருந்து தேயிலைச் சரிவில் குதிப்பாள். விழுந்து, உருண்டு, எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மேடேறி ஓடுவாள். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். குதித்தது நாயகி இல்லை, டூப் என்பது ஊருக்கே தெரியும். கயிறில்லை, மெத்தையில்லை, எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரே டேக்கில் குதித்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போய்விட்டாள் என்று கர்ணன் ஒரு பேட்டியில் சொன்னதோடு சரி. பெயர் சொல்லவில்லை. அந்த நொண்டுகிற நடிப்புக்கு விருது கொடுத்திருக்க வேண்டும் என்று விஜய்பாண்டி கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன மாதம் பெரியகுளத்தில் பொன்னுராஜ் என்பவரைப் பிடித்தான். அந்தப் படத்துக்கு ஸ்டில் எடுத்தவர். பழைய நெகட்டிவ் ஒன்றை எடுத்து நீட்டினார். ஜீப்பில் சாய்ந்தபடி, பேண்ட் சட்டையில், தலைமுடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். முழு முகமும் தெரிகிறது. குதிப்பதற்கு முன்னால் எடுத்தது, இதுதான் அந்த டூப் என்றார். பெயர் மட்டும் அவருக்கும் ஞாபகமில்லை.

விஜய்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த தியேட்டர்காரரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ‘பதினோராம் வளைவு’ படத்தை மறுபடி போட ஏற்பாடு செய்தான். அந்த ஸ்டில்லை இருபதடிக்குப் பத்தடி அடித்தான். “நிஜ நாயகி இவர்தான். யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்” என்று கீழே எழுதித் தன் போன் நம்பரையும் போட்டான். சனிக்கிழமை சாயங்காலம் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும், சொந்தபந்த குரூப் உட்பட, அந்தப் போர்டையும் எந்தத் தியேட்டர் என்பதையும் தட்டிவிட்டான். விடியக்காலையில் தியேட்டர் வாசலில் போர்டை ஏற்றியாயிற்று. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்கு அவன் மனைவி முனீஸ்வரி இட்லி டப்பாவோடு ஸ்கூட்டியில் வந்தாள். அவன் அனுப்பும் சினிமாச் சமாச்சாரம் எதையும் அவள் போனில் திறந்தே பார்ப்பதில்லை. வண்டியை நிறுத்தினாள், நிமிர்ந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். டப்பா கையிலிருந்து நழுவி உருண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“ஏங்க, எங்கம்மாவ எதுக்கு இங்கன கட்டித் தொங்கவிட்டிருக்கீக?”

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. போர்டை நிமிர்ந்து பார்த்தான். அந்த மூக்கு முனீஸ்வரியின் மூக்கு. அந்தச் சிரிப்பு தன் மகளின் சிரிப்பு. நாலு நாள் கம்ப்யூட்டரில் வைத்து, பெரிசாக்கிப் பெரிசாக்கிக் கன்னத்துக் கீறலையெல்லாம் துடைத்த முகம் அது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மாமியார் முகம் ஒரு மனுசனுக்குத் தெரியாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தெரியாதுதான். சொந்தத்தில் இல்லாமல் அசலில் பெண் எடுத்த வீடு. மாப்பிள்ளை முற்றத்தில் காலை வைத்தால் மாமியார் அடுப்படிக்குள் போய்விடுவாள். பேச்செல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்து, மகள் வழியாக. “மாப்ளைக்கு இன்னும் ரெண்டு தோசை வை ஆத்தா” என்ற குரல்தான் இருளம்மாள். எதிர்ப்பட்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குவாள், இவனும் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு பேருமே அதை மரியாதை என்றுதான் நினைத்தார்கள். இடது கால் சற்றுச் சாய்ந்து நடப்பாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அது புளியமரத்திலிருந்து விழுந்த கால் என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டதே இவன் அம்மா பாண்டியம்மாள்தான்.

முனீஸ்வரி அழுதுகொண்டே மீதியைச் சொன்னாள். மழை பொய்த்த வருஷம் அது. மயிலாடும்பாறையை விட்டு மேகமலைக்கு வேலைக்குப் போய், எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார்கள். குதிக்கமாட்டேன் என்று நாயகி கீழே இறங்கிப் போய்விட்டாள். நாயகியின் உயரமே இருந்த இருளம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா வேலுச்சாமிக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. பேண்ட் மாட்டிக்கொண்டு சினிமாவில் குதித்தவள் என்று வெளியே தெரிந்தால் இந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்று, ஒரே ராத்திரியில் புளியமரம் முளைத்துவிட்டது. அப்போது முனீஸ்வரிக்கு ஒன்பது வயது, சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள். கட்டிய புருசனிடமும் காத்தாள்.

மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் டி.வி.யில் இந்தப் படத்தைப் போட்டு, அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டி விசிலடித்தது விஜய்பாண்டிக்கு நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

போனை எடுத்துப் பார்த்தான். சொந்தபந்த குரூப்பில் நூற்றுச் சொச்சம் செய்தி. கடைசியாக அவன் அம்மா பாண்டியம்மாள் குரலில் ஒன்று. “புளியமரம் நல்லாத்தேன் காச்சிருக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தாள். மாமனாருக்குப் போட்டான், எடுக்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கயிறுகளை அறுத்தான். போர்டு மடங்கித் தரையில் விழுந்தது. அவன் இறங்கித் திரும்பியபோது ஆட்டோவிலிருந்து இருளம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரன் நேற்றே போனில் காட்டிவிட்டானாம். விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். விஜய்பாண்டி தலையைக் குனிந்தான். காலில் விழலாமா என்றிருந்தது. அவள் ஒதுங்கவில்லை. நேராக வந்து முன்னால் நின்றாள்.

“படம் எத்தன மணிக்கு மாப்ள?”

பதினோரு வருஷத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருக்கும், அழுகை இருக்கும் என்று பார்த்தால் இரண்டும் இல்லை. குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். தியேட்டரில் இந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லையாம். இவன் டி.வி.யில் போடும்போதுகூட அடுப்படியில் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். எல்லாருக்கும்தான் தெரிந்துபோச்சே, இனி நானும் பார்த்தால் என்ன என்று மகளிடம் கேட்டாள்.

கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அரங்கம் நிறைந்து வழிந்தது. மூன்று மீசைக்காரன் ஒவ்வொரு முறை சாகும்போதும் கூட்டத்தோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். ஜீப் வந்ததும் முன்னால் சாய்ந்துகொண்டாள். திரையில் அவள் குதித்தாள். உருண்டாள். எழுந்து காலை இழுத்துக்கொண்டு ஓடியபோது கூட்டம் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியது, காகிதம் பறந்தது. அந்த இடத்தில் வழக்கமாக முதல் விசில் விஜய்பாண்டியுடையது. இன்றைக்கு வேறு யாரோ அடித்தார்கள். பக்கத்தில் பார்த்தான். இருளம்மாள் இரண்டு கையாலும் இடது முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நொண்டுறத நடிப்புன்னா சொல்லுறாக?” என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

“மொதத் தடவ நல்லாத்தேன் குதிச்சேன் மாப்ள. பறக்குற மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கேமரா ஓடலைன்னாக. ரெண்டாந்தடவ கல்லுல விழுந்துட்டேன், எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஃபிலிம் இன்னும் ஒருக்கா எடுக்கத்தேன் இருக்கு, வெயிலும் இறங்குது, ஒரே ஒரு தடவ தாயின்னு அந்த டைரக்டரு கையெடுத்துக் கும்பிட்டாக. பாவமா இருந்துச்சு. துண்டக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு ஏறுனேன்.” திரையைக் காட்டினாள். “இப்பப் பாத்தது மூணாவது.”

அவனுடைய ஒரே டேக், அவனுடைய விருது நடிப்பு, முறிந்த காலோடு மேடேறியிருக்கிறது.

அதற்குள் கூட்டம் “ஒன்ஸ் மோர்” என்று ஆரம்பித்துவிட்டது. ஒருவன் தொடங்கி, நூறு பேராகி, நாற்காலிகள் தடதடத்தன. இந்த மாதிரிக் காட்சிகளில் கூட்டம் கேட்டால் ஆபரேட்டர் மறுப்பதில்லை. திரை ஒரு நொடி இருண்டது. ஜீப் மறுபடியும் வளைவுக்குக் கீழே நின்றது.

“நாலு” என்றாள் இருளம்மாள், மெல்ல.

விஜய்பாண்டி எழுந்து, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, படத்தை நிறுத்தச் சொல்ல ஆபரேட்டர் அறைக்கு ஓடினான். அவன் பாதிப் படி ஏறுவதற்குள் திரையில் அவள் குதித்துவிட்டாள்.