மாலை போடும் முன்

பதினாறாம் நாள் கருமாதிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயில் தலைவர் சதாசிவம் தானாகவே முடிவு செய்து பேனரும் அடித்துவிட்டார். 'வீரமங்கை ஷாமளா' என்று பெரிதாக; அதற்குக் கீழே, 'படத்திறப்பு: வாரண்ட் ஆபிசர் ஹேமநாதன்'. மலேசியாவில், பாடாங் மேஹா தோட்டத்து மண்டப வாசலில் அதைப் பார்த்துத்தான் பிரேமாவதிக்கே விஷயம் தெரிந்தது.

மகள் ஷாமளா இராணுவத்தில் இருந்தவள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போன படகு கவிழ்ந்து இறந்துபோனாள். இருபத்தாறு வயது. அவள் முகாமிலேயே மேலதிகாரியான ஹேமநாதனோ தோட்டத்துக்கே செல்லப்பிள்ளை. இங்கிருந்து நாலு பேரைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவன். அந்த நாலு பேரில் ஒருத்தியை ஸ்டோர் அறைக்குக் கூப்பிட்டு இடுப்பில் கை வைத்தவனும் அவன்தான்.

போன வருடம் ஷாமளா முகாமில் புகார் எழுதிக் கொடுத்தாள். மறுவாரமே ஹேமநாதன் ஆப்பிள் கூடையோடு பிரேமாவதி வீட்டுக்கு வந்து நின்றான். "பிள்ள ஏதோ தப்பா புரிஞ்சிக்கிச்சுக்கா. கேஸாச்சுன்னா அதுக்குத்தான் வேல போகும்லா" என்றான். பிரேமாவதி பயந்துபோய் மகளுக்குப் போன் போட்டு, புகாரை வாபஸ் வாங்கச் சொன்னாள். ஷாமளா, "சரிம்மா. உனக்காக" என்றாள். அந்த இரண்டு வார்த்தை பதினாறு நாளாகத் தாயைத் தூங்கவிடவில்லை. அவன் கொண்டுவந்த ஆப்பிளையும் தின்றிருந்தாள்.

"அண்ணே, அந்த ஆளு என் பிள்ள படத்தத் தொடக் கூடாது" என்றாள் சதாசிவத்திடம்.

"என்னாம்மா பேசற? யுனிபாம் போட்டுக்கிட்டு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. தோட்டத்து மானத்த வாங்காத."

மானமாம்! செத்தவளுடைய மானத்தைக் கேட்க நாதியில்லை. பேனருக்கு மானம் போகிறதாம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதியன்று படத்துக்கு மாலை போடுகிறவர் யாராயிருந்தாலும் முதலில் இறந்தவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காமல் போட்டால் செத்தவர் வாசலைவிட்டுப் போகமாட்டார் என்பார்கள். 'குத்தம் குறை இருந்தா மன்னிச்சிரு' என்று முணுமுணுப்பதோடு எல்லாரும் முடித்துக்கொள்வார்கள். முதல் மாலையைப் பெற்றவள் போடுவாள், அடுத்ததை விருந்தாளி.

ஹேமநாதன் படத்திறப்பை முடித்துவிட்டு, ரோஜா மாலையோடு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றான். பிரேமாவதி முணுமுணுக்கவில்லை. சதாசிவத்தின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"ஷாமளா, ஸ்டோர் ரூம்ல இந்த ஹேமநாதன் உன் மேல கைய வெச்சான்னு நீ ரிப்போட் கொடுத்த. நான்தான் அத வாபஸ் வாங்க வெச்சேன். இவன் கொண்டாந்த ஆப்பிளயும் வாங்கித் தின்னேன். என்ன மன்னிச்சிரும்மா."

அவள் மாலையைப் போட்டுவிட்டு மைக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்ப நீ கேளு. என்னா செஞ்சன்னு சொல்லிட்டு மாலையப் போடு."

"அக்கா துக்கத்துல என்னமோ..."

"நான் உனக்கு அக்கா இல்ல. சொல்லு!"

"மைக்க ஆஃப் பண்ணுங்கடா!" என்று கத்தினார் சதாசிவம். யாரும் அசையவில்லை.

ஹேமநாதன் மாலையை நாற்காலியில் எறிந்தான். துக்கமெல்லாம் அவன் முகத்தைவிட்டு ஓடிப்போயிருந்தது. "என் மேல எந்தக் கேஸும் இல்ல. யாரு பாத்தா? பாத்தவங்க இருந்தா வரச் சொல்லு!"

கடைசி வரிசையில் யுனிபாமோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். முகாமில் ஷாமளாவோடு ஒரே அறையில் இருந்த ஷீலா. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ஷாமளா, அன்னிக்கு ஸ்டோர் கதவத் தொறந்தது நான்தான். என் கண்ணால பாத்தேன். சாட்சி சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டு, புரமோஷன் போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். மன்னிச்சிருடி."

"ஷீலா, யோசிச்சுப் பேசு" என்றான் ஹேமநாதன், அதிகாரக் குரலில்.

"ஒரு வருஷமா யோசிச்சிட்டேன், சார்."

அவன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான். படையலுக்கு இலை போட வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

பிரேமாவதி ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சொன்னத எங்க எழுதிக் கொடுக்கணும்?"

"போலிஸ்லயும் கொடுக்கணும், கேம்ப்லயும் கொடுக்கணும்மா. உங்களயும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அசிங்கமா கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். வா, போலாம்."

"இன்னும் படையலே முடியலயேம்மா" என்றார் சதாசிவம், குரல் இறங்கி.

பிரேமாவதி திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா. உனக்காக" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.